முட்டு எங்க சார் இருக்கு?

சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் பார் சார்ட் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏ-ஜீரோ தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, பிள்ளையார் படத்துக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் நடுவில் ஒட்டி, வருகிற போகிற கிளையண்ட் ஆட்களுக்குக் காட்டியதோடு அதன் ஆயுசு முடிந்துவிடும். பேனாக் கிறுக்கலும் சிமெண்ட் விரல் தடமும் இல்லாத சார்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பொருள். உத்தியோக காலம் பூராவும் பிளானிங் இன்ஜினியராக இருந்து இப்படிப்பட்ட சார்ட்டுகளைப் போட்டே சம்பளம் வாங்கியவன் நான். வெயிலில் நிற்கிற எக்சிகியூஷன் ஆட்களுக்கு நாங்கள் ஏசி ரூமில் கலர் கலராய்க் கோடு போடுகிறவர்கள். ஹெட் ஆபீஸுக்கோ, வேலை ஏன் தாமதம் என்று பதில் சொல்ல வேண்டியவர்கள். இரண்டு பக்கமும் திட்டு விழும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.இ. சிவில் படித்தபோது, வேலைகளைத் திட்டமிடும் முறைகளான சி.பி.எம்., பெர்ட் இரண்டும் பாடத்தில் இருந்தன. புன்மியாவும் கண்டேல்வாலும் எழுதிய புத்தகம்தான் எங்களுக்கு எல்லாம். வட்டம் போட்டு நம்பர் எழுதி, அம்பு இழுத்து, வேண்டிய இடத்தில் புள்ளிக்கோட்டில் ‘டம்மி’ சேர்த்து, எந்தப் பாதை நீளமோ அதற்குச் சிவப்பு மை. 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனியில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உருவாக்கியது சி.பி.எம். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. ஏவுகணைக்கு முன்மாதிரி கிடையாது; எந்த வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே நாள் கணக்குக்குப் பதில் மூன்று கேட்டார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, ஒன்றும் சரியாக அமையாவிட்டால் எத்தனை.

முதல் வேலையில், சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், இதை அப்படியே கம்பி மேஸ்திரியிடம் கேட்டேன். ஒரு மாடிக்குக் கம்பி கட்ட, எல்லாம் கூடிவந்தால்? “நாலு நாள்.” வழக்கமா? “ஆறு.” ஒண்ணும் சரியா அமையலேன்னா? பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “கம்பி லோடு வரலேன்னா பதினாலு நாளும் ஆகும், அதுக்கு மேலயும் ஆகும். அத எங்கிட்ட கேட்டா எப்படி சார்? லோடு போடுறவன்ட்ட கேளுங்க.” பெர்ட் சூத்திரப்படி நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் கச்சிதமாக 7 நாள். ஃபார்மில் 7 என்று ஏறியது. அவர் சொன்னதில் பிரயோசனமான சங்கதி கடைசி வாக்கியம்தான். அதை எழுத அந்த ஃபார்மில் இடம் இல்லை.

அதற்குப் பிறகு எந்த டெம்ப்ளேட் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். வேலை செய்கிறவன், தன் கையில் இல்லாத காரணத்தைச் சொன்னால் அது எங்கே பதிவாகும்?

பிறகு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டும் பிரைமவேராவும் வந்தன. அம்பு இழுக்கும் பாடு ஒழிந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட்காரன் தானாகக் கொடுத்த காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் எட்டு மணி நேரம் வேலை. அதை மாற்றாமலே சார்ட் போட்டுக் கொடுத்த சைட்டுகள் எனக்குத் தெரியும். நம் ஊரில் வாரம் ஆறு நாள், அவசரமென்றால் ஞாயிறும். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனாரும் சித்தாளும் காணும் பொங்கலுக்கு மறுநாளே பஸ் ஏறிவிட மாட்டார்கள். தெற்கத்தி ஆட்களுக்கு ஊர்க் கொடை வரும். ஆடி மாதம் பூமி பூஜை போட வீட்டுக்காரர்கள் இசைவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் வேலையை வைத்தால் தோண்டிய குழியில் தண்ணீர் இறைப்பதே வேலையாகிவிடும். பீகார் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு சத் பூஜையும் ஹோலியும் சேர்ந்துகொண்டன. என் முதல் மேனேஜர், பாம்புப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாஃப்ட்வேர் காலண்டரை நிரப்பச் சொல்வார். கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாத மனிதர் அவர். முகூர்த்த நாள் தெரிந்தால் அன்றைக்கு ஆள் எத்தனை குறையும் என்று தெரியும், அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தக் காலண்டர் ஒன்றை மட்டும் நான் கம்பெனி மாறிய போதெல்லாம் கூடவே கொண்டுபோனேன்.

நான் சொல்ல வந்த தாள் இதற்கெல்லாம் பிறகு, 2000-களின் பிற்பாதியில் வந்தது. மதுரைக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். புதிதாக வந்த ப்ராஜெக்ட் மேனேஜர் துபாயில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதல் வாரமே திங்கட்கிழமை மீட்டிங்கை நிறுத்தினார். ஏசி ரூமில் இன்ஜினியர்கள் மட்டும் உட்கார்ந்து டீ குடிக்கும் மீட்டிங் அது. அதற்குப் பதில் சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டோர் ஷெட்டில், கூலி பட்டுவாடா தொடங்குவதற்கு அரை மணி முன்னால். அந்த நேரத்துக்கு எல்லா மேஸ்திரியும் தவறாமல் வந்து நிற்பார்கள். கூப்பிட ஆள் அனுப்ப வேண்டாம். நிர்வாகவியல் புத்தகம் எதிலும் நான் பார்க்காத சாமர்த்தியம் அது.

கொண்டுவந்த தாள் ஒரே பக்கம். இடது ஓரத்தில் வேலை. அடுத்தது, யார் பொறுப்பு. பிறகு திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். அடுத்தது, முடிந்ததா: ஆம் அல்லது இல்லை. கடைசியில், மற்ற எல்லாவற்றையும்விட அகலமாக, ‘ஏன் இல்லை’. சதவீதம் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். முக்கால்வாசி முடிந்தது, கிட்டத்தட்ட முடிந்தது என்பதெல்லாம் ‘இல்லை’ கணக்கில்தான் சேரும். இரண்டாவது சட்டம், வேலை செய்கிறவர் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் அது தாளில் ஏறும். ‘முடியாது’ என்று சொல்ல மேஸ்திரிக்கு உரிமை உண்டு.

இது அவர் கண்டுபிடித்ததல்ல. கிளென் பாலார்டும் கிரெக் ஹோவெலும் தொண்ணூறுகளில் அமெரிக்கக் கட்டுமான சைட்டுகளைப் பார்த்து உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறையின் ஒரு துண்டு. வாரத் திட்டத்தில் எழுதியவற்றில் எத்தனை சொன்னபடி முடிகின்றன என்று அவர்கள் எண்ணிப் பார்த்தபோது, பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. சுவரில் எவ்வளவு நல்ல சார்ட் இருந்தாலும் இதுதான் நிலைமை. வேலையைக் கையால் செய்கிற ஆளுக்கு மிக அருகில் இருப்பவன்தான் கடைசியாகத் திட்டம் போடுகிறவன். அவன் வாக்கு இல்லாத திட்டம் ஆசைதான் என்பது அவர்கள் கட்சி. முடிந்த விகிதத்தை பி.பி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். எங்கள் சைட்டில் பி.பி.சி. என்றால் சிமெண்ட் ரகம். “இந்த வாரம் பி.பி.சி. கொறஞ்சிருச்சு” என்று மேனேஜர் சொன்னதும் ஸ்டோர்கீப்பர் மூட்டை எண்ண ஓடியது உண்மையாக நடந்தது.

முதல் சனிக்கிழமை. சுவர்ச் சார்ட்டின்படி அடுத்த வாரம் இரண்டாம் மாடி சென்ட்ரிங். திண்டுக்கல் பக்கத்து சென்ட்ரிங் மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர், கை கட்டி நின்றிருந்தார்.

“திங்கக்கெழம ஆரம்பிச்சு சனிக்கெழம முடிச்சிரலாமா மேஸ்திரி?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஆள் இருக்கு சார். பலகையும் இருக்கு. முட்டு எங்க சார் இருக்கு?”

யாரும் பேசவில்லை.

“கீழ நிக்கிறத உருவிக் குடுங்கன்னா குடுக்கறேன். அப்பறம் பீம் தொங்குச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது.”

அவர் சொன்னதில் இருந்த கணக்கு இது. காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் போட்ட பீம் ஆறு மீட்டருக்கு மேல் நீளமென்றால் அதன் அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை 21 நாளைக்கு எடுக்கக் கூடாது. ஸ்லாப் நாலரை மீட்டருக்கு மேல் என்றால் 14 நாள். எங்கள் கட்டடத்தில் பீம்கள் எல்லாம் ஆறு மீட்டரைத் தாண்டியவை. சார்ட்டிலோ மாடிக்கு மாடி பன்னிரண்டு நாள். முதல் மாடி முட்டு விடுதலையாவதற்குள் இரண்டாவது மாடிக்கும் முட்டு வேண்டும், மூன்றாவதும் ஆரம்பித்துவிடும். எங்களிடம் இருந்ததோ ஒன்றரை மாடிக்குத்தான். இன்னும் ஐம்பது ஆள் கொண்டுவந்து இறக்கினாலும் ஒரு நாள்கூட முன்னால் போகாது.

அந்தச் சார்ட்டில் ஆயிரத்துக்கும் மேல் வரி இருந்தது. சிமெண்ட், கம்பி, ஆள், பணம் எல்லாம் ஏற்றியிருந்தது. முட்டு மட்டும் இல்லை. ஏனென்றால் சார்ட்டின் வரிகள் டெண்டரின் பில் அயிட்டங்களிலிருந்து இறங்கியவை. சென்ட்ரிங்குக்கு பில்லில் சதுர மீட்டர் கணக்கில்தான் பணம். பலகையும் முட்டும் ஜாக்கியும் காண்ட்ராக்டர் பாடு, ஹெட் ஆபீஸில் வேறொரு டிபார்ட்மெண்டின் சரக்கு. பில்லில் பெயரில்லாத பொருள் சார்ட்டிலும் பெயரில்லாமல் போய்விட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தின் வேகத்தைத் தீர்மானித்தது அதுதான்.

அன்றைக்கு ‘ஏன் இல்லை’ பத்தியில் முதன்முதலாக ஏறியது: முட்டு இல்லை. மதுரையில் வாடகைக்கு விடுகிற கடைகளில் விசாரித்து, ஒரு முட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பினோம். அக்கவுண்ட்ஸ் ஒப்பவில்லை. நம்மிடம் வேறு சைட்டில் சும்மா கிடக்கிறதே என்றார்கள். கிடந்தது வாஸ்தவம்தான், விசாகப்பட்டினத்தில். லாரி வாடகையும், தாமதத்தால் தினம் ஆகிற சைட் செலவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகு கையெழுத்து விழுந்தது. வாடகை முட்டு வந்தது. பன்னிரண்டு நாள் கணக்கு அப்போதும் எட்டவில்லை. ஆனால் அதற்குக் கிட்டத்தில் வந்துவிட்டது, அதைவிட முக்கியமாக, எந்த நாளில் ஸ்லாப் போடுவோம் என்று சொன்னோமோ அந்த நாளில் போட்டோம். ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரிக்காரன் எங்களை நம்பத் தொடங்கினான்.

தொடக்கத்தில் சனிக்கிழமை தாளில் பாதிகூட ‘ஆம்’ வராது. மேஸ்திரிகள் பயந்து பயந்து ஒப்புக்கொள்வார்கள், அல்லது இன்ஜினியர் முகம் கோணக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதுதான் பெரிய நோய். ‘முடியாது’ என்று முதலில் சொன்ன சென்ட்ரிங் மேஸ்திரிக்கு ஒரு தீங்கும் வரவில்லை, கேட்டது கிடைத்தது என்று பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். சில மாதத்தில் முக்கால்வாசி ‘ஆம்’ ஆயிற்று. வேலை வேகமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. முடியாததை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதும் அதில் பாதி.

கடைசிப் பத்தியில் சேர்ந்த காரணங்களை நான் தனியே எண்ணி வைத்தேன். கட்டட வேலை தாமதம் என்றால் எந்த மீட்டிங்கிலும் எல்லாரும் முதலில் சொல்வது ‘ஆள் பத்தல’. தாளில் ஆள் குறைவு பின்வரிசையில் நின்றது. முன்னால் நின்றவை: டிராயிங் வரவில்லை, முந்தைய வேலைக்காரன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை, சாமான் வரவில்லை. டிராயிங் அனுப்ப வேண்டியவர் சென்னையில் இருந்த ஆலோசகர். வாரா வாரம் அவர் பெயர் வருகிற தாளை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அப்படியே ஃபேக்ஸ் செய்தார் மேனேஜர். கோபமாக ஒரு வரி எழுதவில்லை. அடுத்த மாதம் டிராயிங் முன்கூட்டியே வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்கூட்டி வரவில்லை, ஆனால் எந்தத் தேதிக்கு வரும் என்று பொய் சொல்வது நின்றது. திட்டம் போடுகிறவனுக்கு அதுவே பெரிய உபகாரம்.

ஆஸ்பத்திரி முடிந்து நான் போய்ச் சேர்ந்த இடம் நேர் எதிர். எல்லாவற்றுக்கும் ஃபார்ம். ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சி.டி. வந்தது, அதில் டெம்ப்ளேட்டுகள் அடுக்கடுக்காய். ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவர் நிரப்பி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன்: கப்பல் தாமதம், அலைச் சீற்றம், டைவர் கிடைக்காமை. நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது சேலம் பக்கத்தில் ஒரு ரோடு மேம்பாலம். ஏதோ துறைமுக வேலையிலிருந்து நகல் எடுத்து அனுப்பியிருந்தார், ஆடிட்டில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். ஆடிட்டர் பார்த்தது கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டும்.

அங்கேதான் தொண்ணூறு சதவீத வியாதியையும் நன்றாகப் பார்த்தேன். எந்த வேலையும் தொண்ணூறு சதவீதத்துக்குச் சட்டென்று வந்துவிடும். பிறகு மாசக்கணக்கில் அங்கேயே நிற்கும். மிச்சமிருக்கும் பத்தில்தான் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், கைப்பிடிச் சுவர், மின்கம்பம் மாற்றுவது எல்லாம் ஒளிந்திருக்கும். தாமதம் கண்ணை உறுத்தினால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: மாதக் கடைசியில் பேஸ்லைனையே, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மூலத் திட்டத்தையே, புதிதாக மாற்றிவிடுவது. திட்டத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் வேலை எப்போதும் திட்டப்படிதான் இருக்கும். ரிப்போர்ட்டில் எல்லா வரியும் பச்சை.

ஃபார்ம் எல்லாமே வீண் என்று நான் கட்சி கட்டவில்லை. அதே சைட்டில் இரண்டு ஃபார்ம்கள் உயிரோடு இருந்தன, இரண்டும் பழையவை. ஒன்று போர் கார்டு. காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் சென்ட்ரிங், கம்பி, கவர் பிளாக், லெவல், எலக்ட்ரிக்கல் பைப் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டிய அட்டை. ஒரு கையெழுத்து குறைந்தாலும் பம்ப் ஓடக் கூடாது. ஊற்றிய பிறகு பைப்புக்காகக் காங்கிரீட்டை உளியால் கொத்துகிற சத்தம் கேட்டவர்களுக்கு இந்த அட்டையின் அருமை தெரியும். லாரி வாசலில் வந்து நிற்கும்போது கையெழுத்துக்கு ஆளைத் தேடி ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்தில்தான் அந்தக் கார்டு வேலை செய்கிறது.

இன்னொன்று ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டர், தடைப் பதிவேடு. அரசாங்க ஒப்பந்த வேலைகளில் எந்தத் தடை என்றைக்கு வந்தது, என்றைக்கு நீங்கியது என்று எழுதி, காண்ட்ராக்டர் ஆளும் துறை இன்ஜினியரும் கையெழுத்துப் போட வேண்டும். காலநீட்டிப்புக் கேட்கும்போது இதுதான் சாட்சி. நிலம் கைக்கு வரவில்லை, குடிநீர்க் குழாய் மாற்றவில்லை என்று எழுதிக்கொண்டு போனால் துறையின் ஜூனியர் இன்ஜினியர் நைசாக நழுவுவார். கையெழுத்துப் போட்டால் தாமதத்தில் தன் துறைக்கும் பங்கு உண்டென்று ஆகிவிடுமே! “எழுதி வைங்க தம்பி, அப்பறம் பாக்கலாம்” என்பார். அந்த ‘அப்பறம்’ வேலை முடிந்து அபராதக் கணக்குப் பார்க்கிற அன்றைக்குத்தான் வரும். ஆகவே நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டு, தடை இருக்கும் இடத்துக்கே அவரை அழைத்துப் போய், குழாய் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதி நீட்டத் தொடங்கினேன். கண்ணெதிரே இருக்கிற குழாயை இல்லையென்று சொல்ல அந்த நல்ல மனிதருக்கு மனசு வரவில்லை.

எங்கள் வட்டாரத்தில் ப்ராஜெக்ட் பேச்சு எடுத்தாலே ரயில்வே இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் பெயர் வரும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, அவருடைய மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார், ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். டெல்லி மெட்ரோவின் 65 கிலோமீட்டர் முதல் கட்டமும் குறித்த காலத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு முன்பே நிறைவடைந்தது. அங்கே இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் எண் பலகைகள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் அந்தப் பலகை வாங்கினார்கள். முடிவெடுக்கும் அதிகாரத்தை சைட்டுக்கே இறக்கிக் கொடுத்ததை யாரும் வாங்கவில்லை. அது கடையில் கிடைப்பதில்லை. எங்கள் மேம்பாலத்திலும் ஒரு பலகை சிவப்பு எழுத்தில் எரிந்தது. எண் பூஜ்யத்துக்கு வந்த மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள்.

சென்ட்ரிங் மேஸ்திரியோடு தொடர்பு விடவில்லை. அவர் இப்போது மகனோடு சேர்ந்து திண்டுக்கல்லில் வீடு கட்டிக் கொடுக்கிறார். சனிக்கிழமைத் தாள் அவரிடம் இன்னும் ஓடுகிறது. மகன் அதை செல்போனில் ஏற்றித் தர எவ்வளவோ சொல்லியும், நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதுகிறார். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் கூலி வாங்கும் முன் அந்த நோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். போன தீபாவளிக்குப் போன் செய்தபோது ஒரு சந்தேகம் கேட்டார். ஆஸ்பத்திரித் தாளில் நாங்கள் வைத்திருந்த காரணங்களின் பட்டியல் அவருக்குப் பத்தவில்லையாம்.

“டிராயிங் வரல, சாமான் வரல, ஆள் வரல, எல்லாம் இருக்கு சார். வீட்டுக்காரம்மா டைல்ஸ மாத்திட்டாங்கன்னா அத எதுல சேக்க?”

அதற்குத் தனியாக ஒரு எண் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டிருக்கிறார். இந்த வருஷம் அதுதான் முதலிடம்.